பிரித்துப் பார்க்காத துணி

முப்பது வருஷத்துக்கு மேல் நர்சு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் குழந்தைகளின் மலத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். யாராவது வாந்தி எடுத்தால் என் வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் கட்டும். போகப் போகப் பழகிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்குப் பழகியது. எனக்குப் பழகவில்லை.

ஆம்பூர்ப் பக்கம் தோல் ஊறவைக்கும் தொட்டிகளின் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த ஊரில் பிறந்தவளுக்கு மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் கேலி செய்வார்கள். எனக்கு அது தலைகீழாக ஆகிவிட்டது. எந்த நாற்றமும் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் வார்டில் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்யப் பழகினேன். துணியை மாற்றும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மாற்றுவேன். பேதி என்று யாராவது சொன்னால் எத்தனை தடவை போச்சு என்று மட்டும் கேட்பேன். எண்ணிக்கைக்கு நாற்றம் கிடையாது.

இந்தப் பழக்கத்தோடுதான் எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்கு, புதூர்நாட்டுப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். நிலையம் என்றால் ஓடு போட்ட ஒரு வாடகை வீடு. முன்னறையில் மேஜை, மருந்து அலமாரி, குழந்தைகளை எடை போடும் தொங்கு தராசு. பின்னறையில் என் கட்டிலும் அடுப்பும். மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்துக்கொண்டு, புளியும் பலாவும் கீழே அனுப்பிப் பிழைக்கும் குடும்பங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களில் பத்துக்கு ஏழு பேர் வயிற்றைக் காட்டத்தான் வருவார்கள். பேதி, வாந்தி, வயிற்று வலி, வயிறு ஊதல், பூச்சி. நான் தப்பித்து ஓட நினைத்த எல்லாமும் மலை மேல் எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

வந்த முதல் மாதத்திலேயே ஒரு காட்சி பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் குழந்தை வெளிக்குப் போயிற்று. தாய் நாக்கைச் சொடுக்கி நாயைக் கூப்பிட்டாள். நாய் வந்து தரையைச் சுத்தம் செய்தது, பிறகு குழந்தையின் பின்பக்கத்தையும் நக்கிச் சுத்தம் செய்தது. குழந்தை கூச்சத்தில் சிரித்தது. சற்று நேரம் கழித்து அதே நாய் மூலையில் இருந்த கஞ்சிச் சட்டியில் வாய் வைத்தது. தாய் அதை அதட்டி விரட்டிவிட்டு, அதே சட்டியில் இருந்த கஞ்சியை எனக்கு ஒரு லோட்டாவில் ஊற்றிக் கொடுத்தாள். விரதம் என்று பொய் சொன்னேன்.

மலைக்காரர்கள்தான் இப்படி என்று நான் நினைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. பள்ளிக்கூட வாத்தியார் கீழிருந்து வந்தவர். அவர் சம்சாரம் பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு வந்தாள். ஓயாத பேதி. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டவுனில் வாங்கிய கண்ணாடிப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் அந்த ரப்பர் காம்பைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். பச்சையும் கறுப்புமாக ஒரு வழவழப்பு படிந்திருந்தது. புளித்த பாலின் வாடை. அந்தப் படிவுக்குள் ஒரு சின்னப் புழு நெளிந்தது. அவளும் பார்த்தாள். குழந்தை அந்தக் காம்புக்காகக் கையை நீட்டி அழுதது.

இன்னொரு நாள் நாலு வயதுப் பையன் ஒருவனை மடியில் உட்கார வைத்து நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓங்கரித்தான். வாயிலிருந்து ஒரு நாக்குப்பூச்சி, ஒரு சாண் நீளம், வெளுத்து, உயிரோடு என் புடவையில் விழுந்தது. நான் பையனைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவன் அம்மா அந்தப் பூச்சியை ஒரு குச்சியில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நர்சம்மா, பூச்சிக்கு மருந்து குடுக்கறவங்க பூச்சிக்கே பயப்படறீங்க?" என்றாள்.

நானும் சிரித்துவைத்தேன். பையனை மடியிலிருந்து தள்ளிவிட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பெண் ஒன்பது மாத ஆண் குழந்தையைத் தூளி போலக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு மேடு ஏறி இறங்கி நடந்து வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு. முந்தின நாளிலிருந்து குழந்தை விட்டு விட்டு வீறிடுகிறது, பால் குடித்தால் எடுத்துவிடுகிறது, வெளிக்குப் போவது வேறு மாதிரி இருக்கிறது என்றாள். அவள் கையில் சுருட்டிய ஒரு பழைய துணி இருந்தது. அதை என் மேஜை மேல் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு ஓரம் சிவந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குள் வாடை என் மூக்குக்கு வந்துவிட்டது.

"மூடும்மா. மூடிடு. சீதபேதிதான்" என்றேன்.

அவள் மூடிவிட்டாள். பேதிக்குக் கொடுக்கும் மாத்திரையைப் பொடித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். குழந்தை அந்த நேரத்தில் அழவில்லை. வெளுத்துப்போய்க் கண் சொருகி, அமைதியாகப் படுத்திருந்தது. களைப்பு என்று நினைத்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்க்கக்கூட இல்லை. இடுப்பில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது என்பதுதான் காரணம்.

இரண்டாம் நாள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது என்று புளி ஏற்ற வந்தவர்கள் சொன்னார்கள். மலையில் மழைக்காலத்தில் பேதியில் குழந்தை போவது யாரும் நின்று கேட்கிற செய்தி அல்ல. ரிஜிஸ்டரில் எழுதினேன்.

பத்து நாள் கழித்து அந்தத் தாய் மறுபடி வந்தாள். குடிக்க ஆளில்லாமல் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் அடித்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பாலைப் பிழிந்து எடுத்து, மருந்து கொடுத்தேன். இரவிக்கையைச் சரி செய்துகொண்டு எழுந்தவள் வாசற்படியில் நின்றாள்.

"அன்னிக்குத் துணி கொண்ணாந்தனே, அதுல இருந்தது இன்னாங்க?" என்றாள்.

"சீதபேதின்னு சொன்னேனேம்மா."

"நீங்க பாக்கலியே" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. மழை வரவில்லையே என்று சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலத்தைப் பார்த்து வந்த குமட்டல் இல்லை அது. என்னைப் பார்த்தே எனக்கு வந்த குமட்டல்.

பயிற்சியில் எழுதிய பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். குழந்தைகளின் குடல் நோய்கள் என்ற பாடத்தில் ஒரு வரி இருந்தது. குடலின் ஒரு பகுதி பக்கத்துக் குடலுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். குழந்தை விட்டு விட்டு அலறும், காலை மடக்கும், வெளுக்கும். மலம் சிவப்பு ஜெல்லி போல இருக்கும். ஜெல்லி என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. டீச்சரும் சாப்பிட்டதில்லை. எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அந்தக் குழந்தைக்கு இதுதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் மேஜை மேல் மூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தேன். விரும்பி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு. வருகிறவர்களிடம் துணியைக் கழுவாமல் எடுத்து வரச் சொன்னேன், இல்லையென்றால் தேக்கிலையில் பொதிந்து கொண்டு வரச் சொன்னேன். அவர்களுக்கு இது பெரிய அசிங்கமாகப் பட்டது. கொஞ்ச நாளில் எனக்குப் பீ நர்சம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சந்தையில் என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கேட்கும். நான் அவர்களுடைய நாயைப் பார்த்து முகம் சுளித்தது போல அவர்கள் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். மருத்துவச் சொற்கள் எனக்குப் போதவில்லை, அதனால் சாப்பாட்டு வார்த்தைகளில் எழுதினேன். அரிசி கழுநீர் மாதிரி தண்ணீராகக் கொட்டினால் பயப்பட வேண்டும். குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, மாத்திரையைத் தேடாமல் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்ட வேண்டும். நுரைத்துப் புளித்த வாடையோடு போனால் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், அது பெரும்பாலும் பேதிக்குப் பிறகு வரும். பச்சைப்பயறு அரைத்தது போலப் போய், விடாத காய்ச்சலும் இருந்தால் டைபாய்டாக இருக்கலாம். சளியும் ரத்தக் கோடும் மலத்தோடு கலந்திருந்தால் சீதபேதி. பால் குடித்த குழந்தை ஏப்பத்தோடு கொஞ்சம் தயிராக வழியவிட்டால் அது வாந்தியே இல்லை, தாயின் மனசைத் தேற்றினால் போதும். அதுவே பச்சையாகப் பித்தமாக எடுத்தால் அங்கே நிற்கக் கூடாது. அந்த நோட்டு பாதி நிரம்புவதற்குள் நான் சாப்பிடக்கூடிய பதார்த்தங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. பச்சைப்பயறை இன்றுவரை என் சமையலறையில் சேர்ப்பதில்லை.

பார்த்தால்தான் தெரியும் என்பது பல தடவை உண்மையாயிற்று. ஒரு தகப்பன் ஐந்து வயது மகளைக் கொண்டுவந்து ஒரு மாதமாகப் பேதி, பாவாடை எப்போதும் நனைகிறது, ஊரில் யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்றான். முன்பு போல இருந்திருந்தால் எத்தனை தடவை என்று கேட்டு மாத்திரை கொடுத்திருப்பேன். வயிற்றைத் தொட்டால் இடது பக்கம் புளிங்கொட்டை மூட்டை மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. அது பேதியே இல்லை. வாரக்கணக்கில் மலம் காய்ந்து அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. பேதிக்கு மருந்து கொடுத்திருந்தால் இன்னும் இறுகியிருக்கும். உறை போட்ட விரலால் அதைத் தோண்டி எடுத்தேன். அரைமணி நேரம். இடையில் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். அந்தச் சிறுமி வலியில் என் தோளைக் கடித்தாள். முடிந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

அந்தப் பக்கத்தில் தொக்கம் எடுக்கும் ஒரு பெண்மணி இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை போட்டுக் கறுத்த பல். குழந்தைக்கு வயிற்றில் என்ன கோளாறு வந்தாலும் ஏதோ தின்றது உள்ளே சிக்கிக்கொண்டது, அதுதான் தொக்கம் என்பார்கள். அவள் குழந்தையின் வாயில் வாய் வைத்து உறிஞ்சி, சிக்கியதை எடுத்து இலையில் துப்பிக் காட்டுவாள். மலை முழுக்க அவளைக் கூப்பிடுவார்கள். நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிரப் பார்த்ததில்லை.

நான் மலைக்கு வந்து மூன்றாவது வருஷம், தடுப்பூசி போட ஒரு ஊருக்குக் காலையில் நடந்து போயிருந்தேன். ஒரு வீட்டின் முன்னால் கூட்டம். ஏழு மாதப் பெண் குழந்தை. கொழு கொழு என்று இருக்கும். போன மாதம் என் தராசில் தொங்கிச் சிரித்த குழந்தைதான். விடியற்காலையிலிருந்து வீறிடுகிறதாம். தொக்கக்காரி அதை மடியில் போட்டு வயிற்றை அழுத்தித் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சின்ன வாயின் மேல் தன் வாயை வைத்து மூடினாள். குழந்தை திமிறியது. அவள் உறிஞ்சினாள், தலையை நிமிர்த்தி, கன்னத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, இலையில் துப்பினாள். வெற்றிலைச் சிவப்பு எச்சில் நடுவே நார் நாராக ஒரு இறைச்சித் துண்டு.

கூட்டம் அதை எட்டிப் பார்த்து ஆறுதலாகப் பெருமூச்சு விட்டது. எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஏழு மாதமாகத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அறியாத குழந்தை அது. அந்த இறைச்சி யாருடைய பல்லிடுக்கில் இருந்தது என்று அந்த இலையைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் இலையைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பியதைப் பார்த்தார்கள்.

குழந்தை அடங்கியது. பாத்தீங்களா என்பது போல அவள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது, குழந்தை முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இரண்டு முழங்காலையும் வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு ஒரு அலறல். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு துவண்டு போயிற்று. மறுபடி கால் மணி. மறுபடி அலறல். இந்தத் தடவை பச்சையாக வாந்தி எடுத்தது, அது என் கை மேல் விழுந்தது. வெளிக்குப் போன துணி எங்கே என்று கேட்டேன். கொல்லையில் எறிந்திருந்தார்கள். தாய் ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

பிரித்தேன். மலம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று, தனியாகத் திரண்டு நின்றது. அடிவாரத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு சதை இருக்குமே, அதுவேதான். ஜெல்லி என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாடை மலத்தின் வாடையாக இல்லை, இறைச்சிக் கடையின் வாடையாக இருந்தது. மூச்சை அடக்காமல் முகர்ந்தேன்.

குழந்தை துவண்டிருந்த நேரத்தில் கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு வயிற்றில் வைத்தேன். வலது பக்கம் விலாவுக்குக் கீழே வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒன்று நீளமாகத் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே வலது அடிவயிறு காலியாக, மெத்தென்று இருந்தது. இன்னும் எனக்கு நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது நிச்சயம்.

உடனே கீழே கொண்டுபோக வேண்டும், வயிற்றைக் கிழிக்கக்கூட வேண்டியிருக்கும் என்றேன். குழந்தையின் பெரியப்பா குறுக்கே நின்றார். தொக்கம்தான் எடுத்தாயிற்றே, பச்சைப் பிள்ளையின் வயிற்றைக் கிழிப்பார்களா, நர்சம்மா கமிஷனுக்குக் கீழே ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்துவிடுகிறாரா என்றெல்லாம் பேசினார். தகப்பன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தாய்தான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"மாமா, நான் போறேங்க. நீங்க வரலன்னாலும் போறேன்" என்றாள்.

புளி ஏற்ற வந்திருந்த ஜீப்பில் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து இறங்கினோம். என் மதியச் சாப்பாட்டு டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சைச் சாதத்தைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, அந்தத் துணியை அதற்குள் வைத்து மூடியிருந்தேன். வளைவுகளில் ஜீப் ஆடும்போதெல்லாம் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை எத்தனை தடவை அலறியது என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அடிவாரம் வருவதற்குள் அலறலே நின்றுவிட்டது. தாய் அதை நல்ல அறிகுறி என்று நினைத்தாள். நான் அதன் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கீழே முதலில் வந்த ஒரு ஆஸ்பத்திரியில் இறங்கினோம். எந்த ஊர் என்பது வேண்டாம். பணியில் இருந்த டாக்டர் இளைஞர், வெள்ளை வெளேரென்ற சட்டை. தாயின் புடவையெல்லாம் வாந்தி, ரத்தம். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, எத்தனை தடவை போச்சு என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதினார். சீதபேதி. மாத்திரை. அடுத்த ஆள்.

அவர் மேல் வெறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கைக்குட்டையை, அந்தக் கேள்வியை, ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது என் முகம்.

டிபன் பாக்ஸை அவர் மேஜை மேல், சீட்டுக் கட்டின் மேலேயே வைத்துத் திறந்து, துணியை வெளியே எடுத்துப் பிரித்தேன்.

"இன்னாம்மா பண்றே நீ? மூடு அத" என்றார்.

"பாருங்க சார். பாத்துட்டு அப்புறம் சீதபேதின்னு எழுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அந்தக் காலத்தில் மலை நர்சு ஒருத்தி டாக்டரிடம் அப்படிப் பேசமாட்டாள்.

அவர் பார்த்தார். ஒரு கணம்தான். முகத்தில் இருந்த கைக்குட்டை இறங்கியது. எழுந்து வந்து குழந்தையின் வயிற்றில் கை வைத்தார், எனக்குத் தட்டுப்பட்ட அதே இடத்தில் விரல்கள் நின்றன. உறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். விரல் ரத்தத்தோடு வந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். அந்த நோயின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது, என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. குழந்தைக்கு நரம்பில் தண்ணீர் ஏற்ற ஊசி போட்டார், வேலூருக்குப் போன் செய்தார், தானே வண்டி பிடித்துக் கொடுத்தார். தெரியாதவர் இல்லை. பார்க்காதவர். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வேலூரில் ஆபரேஷன் நடந்தது. முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, குடல் குடலுக்குள் போய்ச் சிக்கி ஒரு சாண் நீளம் கறுத்துவிட்டது, அதை வெட்டி எடுத்துத் தைத்திருக்கிறோம் என்றார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். வெட்டியதைப் பார்க்கிறாயா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். கிண்ணத்தில் கிடந்தது, கறுப்பாக, உப்பி. பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிழைத்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். அவள் கட்டிய பாலைச் சுவரோரம் பிழிந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

பிழைத்தது. பன்னிரண்டாம் நாள் தாயும் பிள்ளையும் மலைக்குத் திரும்பினார்கள்.

அனுமதி இல்லாமல் பணியிடத்தை விட்டுப் போனதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். அதை விசாரிக்க வந்த மேலதிகாரி அம்மா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு விரல் நுனியால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"இதெல்லாம் எழுதி வெச்சிருக்கியே, அருவருப்பா இல்லையா உனக்கு?"

"இருக்குங்க" என்றேன்.

மெமோவைவிட எனக்கு ஆத்திரமாக இருந்தது வேறு ஒன்று. தொக்கக்காரி சந்தையில் எல்லோரிடமும், அந்தப் பிள்ளைக்குப் பாதி தொக்கத்தை நான் எடுத்தேன், மீதியை வேலூரில் எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அவளுக்கு முன்னைவிட அதிகம் ஆள் வந்தது. அவள் குறுக்கே வந்தால் நான் வேறு பாதையில் போனேன்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், வெயிலுக்கு ஊரே உள்ளே அடங்கியிருந்த நேரத்தில், அவள் என் வாசலில் வந்து நின்றாள். மகள் வயிற்றுப் பேத்தியைத் தூக்கி வந்திருந்தாள். மூன்று வயது. வயிறு வலி, ராத்திரி பல்லைக் கடிக்கிறது, மண்ணை அள்ளித் தின்கிறது. இடுப்புச் சேலையிலிருந்து தேக்கிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். யாருக்கும் சொல்லாதீங்க என்றாள்.

உங்கள் பேத்திக்கு நீங்களே ஏன் தொக்கம் எடுக்கவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அதுல ஒண்ணும் வராதுங்க" என்றாள்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சிதான். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. பூச்சி மருந்தும், ரத்தம் ஊற மருந்தும் கொடுத்தேன். எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, அன்றைக்கு அந்தத் துணியில் எதைப் பார்த்து எனக்கு அப்படிப் பயம் வந்தது என்று கேட்டாள். கள்ளிப்பழத்தைச் சொன்னேன். காலை மடக்கி விட்டு விட்டு அலறுவதைச் சொன்னேன். பச்சை வாந்தியைச் சொன்னேன். வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

அவள் தொக்கம் எடுப்பதை நிறுத்தவில்லை. எண்பதுகளின் நடுவில் எனக்கு மாற்றல் வரும் வரை எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு, குழந்தையை அவளிடம் தூக்கிப் போனவர்களில் சிலர் அவள் தொடவே இல்லை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். துணியை விரித்துப் பார்த்துவிட்டு, இதில் ரத்தம் இருக்கிறது, நர்சம்மாகிட்ட ஓடு என்று அனுப்பினாளாம். அப்படி வந்ததில் பெரும்பாலும் சீதபேதி. ஒரு தடவை மட்டும் நான் ஜீப்பைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த மத்தியானம் கிளம்புவதற்கு முன் அவள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்தாள். அவள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வளைவில் மறைந்த பிறகு, அந்த டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பிறகும் அதில் நான் குடிக்கவில்லை.